திரும்பி வரும் கம்பி

1

இந்தக் கதைக்கு மூலம் என் வீம்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம்.

என் ஹெட்செட்டின் பின், அதாவது ஃபோனில் சொருகுகிற அந்த முனை, கழுத்து ஒடிந்து தொங்க ஆரம்பித்திருந்தது. அந்த வியாதி உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒயரை இப்படி வளைத்தால் இடது காது பேசும், அப்படி வளைத்தால் வலது காது பேசும். இரண்டும் சேர்ந்து பேச வேண்டுமென்றால் கட்டைவிரலால் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அளவாகத்தான் விட வேண்டும். "புதுசா ஒண்ணு வாங்கித் தொலையேன்" என்றாள் என் தங்கை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வாங்கியிருப்பேன். சொல்லிவிட்டாளே! ஒரு பின்னை மட்டும் வாங்கிவந்து, பழையதை வெட்டி எறிந்துவிட்டு, நானே பற்றவைப்பது என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

பற்றவைத்தேன். ஒரு பாட்டைப் போட்டேன். வயலின்கள் வந்தன. டிரம்ஸ் வந்தது. பின்னால் கூட்டமாக 'ஆ... ஆ...' என்று இழுப்பவர்கள்கூட வந்துவிட்டார்கள். பாடுகிறவரைக் காணோம்.

முதலில் சிரித்தேன். கல்யாண வீட்டில் எல்லாரும் இருந்து மாப்பிள்ளை மட்டும் எங்கோ போய்விட்ட மாதிரி இருந்தது. பிறகு அதே பாட்டைத் திரும்பப் போட்டேன், அப்புறம் இன்னொரு தடவை. சிரிப்பு நின்றுவிட்டது. நடுவில் இருக்க வேண்டியவர் இல்லை, ஆனால் அவரைச் சுற்றியிருந்தது எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. இப்படியொரு வீடு எனக்குத் தெரியுமே என்று தோன்றியது. யார் வீடு என்று மட்டும் பிடிபடவில்லை. எனவே ஒன்றைக் கட்ட ஆரம்பித்தேன்.

2

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

'மழை பெய்துகொண்டிருந்தது. அவள் ஹெட்செட்டை —' [மழை எதற்கு? எனக்குச் சோகம் வரவில்லையென்றால் மழையைக் கூப்பிடுகிற பழக்கம் உண்டு. வேண்டாம்.]

'நான்கு கம்பிகள். சிவப்பு, பச்சை, நீலம், செம்பு நிறம். நான்கில் ஒன்று பொய் சொல்லும்.' [சவடால். கம்பி பொய் சொல்லாது. பார்க்கிறவர்தான் ஏமாறுவார்.]

'அவள் கணவன் இறந்துபோய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவர் குரல் மட்டும் ஃபோனில் —'

மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று பல பக்கம் போய்விட்டேன். எழுதியதைத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏன் உன் கதையில மட்டும் எல்லாரும் செத்துப் போறாங்க?"

"சோகமா இருக்கணுமில்ல?"

"செத்துட்டா அழுதுட்டுப் போயிடலாம். உயிரோட இருந்து, தெனம் ஃபோன் பண்ணி 'சாப்டியா'ன்னு கேட்டுட்டு வச்சிடறவன என்ன பண்றது? அத எழுது பாப்போம்."

என் தங்கை கணக்காகப் பேசுகிறவள் இல்லை. வாய்க்கு வந்ததைப் பேசுவாள். ஆனால் அன்று வாய்க்கு வந்தது சரியாக வந்துவிட்டது. நான் உள்ளே போய் அந்த மனிதரை உயிரோடு எழுப்பினேன். எழுப்பிய கையோடு வேறோர் ஊருக்கு அனுப்பிவைத்தேன்.

3

அவர் புவியியல் சொல்லித்தருகிறவர். அவள் பல் கட்டுகிறவள்.

பல் டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்து அனுப்புகிற அச்சை வைத்துப் பல்செட் செய்கிற லேபில் வேலை. முகம் தெரியாத வாய்களுக்கு மெழுகில் ஈறு வைத்து, பல் பதித்து, கொக்கிக் கம்பி வளைத்துப் பற்றவைப்பாள். மூக்கின் மேல் பூதக்கண்ணாடி, கையில் மெழுகுக் கத்தி, உடம்பெல்லாம் பிளாஸ்டர் மாவு. அந்த மாவு அவள் கைப்பையில் இருக்கும், புருவத்தில் இருக்கும். அவளுடைய ஃபோனில் காது வைத்துக் கேட்கிற அந்தச் சின்னச் சல்லடைக்குள்ளும் புகுந்து கெட்டிப்பட்டிருந்தது. அதனால் ஃபோனைக் காதில் வைத்தால் எதிரில் பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஹெட்செட் இல்லாமல் அவளுக்கு முடியாது.*

அவர், அவள் கணவர் ('அவன்' என்று எழுதிப் பார்த்தேன், கதைக்குள்ளிருந்து அவள் முறைத்தாள், மாற்றிவிட்டேன்), தபால் வழியில் படிக்கிறவர்களுக்குப் பாடங்களைப் பேசிப் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவருடைய ஸ்டுடியோ. எதிரே உள்ளங்கையளவு ரெக்கார்டர். அதற்கு இடது பக்கம் ஒரு மைக், வலது பக்கம் ஒரு மைக். அவருக்கு இடது கைப் பக்கம் சமையலறை வாசல். கதவு கிடையாது. அவர் காற்றைப் பற்றியும் ஆறுகளைப் பற்றியும் பேசிக்கொண்டேயிருப்பார், அவள் உள்ளே சமைத்துக்கொண்டேயிருப்பாள். பாத்திரம் உருண்டால்கூடப் பேச்சை நிறுத்த மாட்டார். வேண்டாததை எல்லாம் அலுவலகத்தில் வெட்டிக்கொள்வார்கள் என்பார்.

"பாடம் பண்ண உக்காந்துட்டா இடி விழுந்தாலும் திரும்ப மாட்டீங்க" என்பாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவர்மேல் இருந்த ஒரே புகார் இது. ஒரே புகார் என்பதால் நன்றாகத் தீட்டி வைத்திருந்தாள். அவர் பதில் சொன்னதில்லை. சிரித்துவிட்டுப் போய்விடுவார். அது இன்னும் எரிச்சல்.

பிறகு வேறோர் ஊரில் ஒரு கல்லூரி அவரைக் கூப்பிட்டது. "போகட்டுமா?" என்று கேட்டார். "உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 'உங்க இஷ்டம்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். போகாதே என்று பொருள். போகாதே என்று நான் சொல்லாமலே உனக்குத் தெரிய வேண்டும் என்று பொருள். தெரியாவிட்டால் போய்த் தொலை என்றும் பொருள். அவருக்கு அதில் முதல் பொருள் எட்டவில்லை. போய்விட்டார்.

\* தங்கை கேட்டாள்: "சல்லடைய ஊசி வச்சுக் குத்தினாப் போச்சு. இதுக்கு ஒரு கதையா?" கதையில் வருகிறவள் குத்தியும் பார்த்திருக்கிறாள். மாவு இன்னும் உள்ளே போய்விட்டது.

4

சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. சண்டை இருந்தால் ஒரு பத்தியில் போட்டு முடித்துவிடலாம்.

போன புதிதில் மணிக்கணக்கில் பேசினார்கள். அப்புறம் அது தேய்ந்து, தேய்ந்து, இப்போது இந்த அளவுக்கு வந்திருக்கிறது:

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ஆச்சு. வேற?"

"ஒண்ணுமில்ல."

"சரி, வச்சிடட்டா?"

"ம்."

ஃபோனை வைத்த பிறகு அவள் செய்வது ஒன்று உண்டு. அது அவருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அவருடைய பழைய பாடப் பதிவுகளைப் போட்டுக் கேட்பாள். வெட்டி ஒழுங்குபடுத்தாத மூலப் பதிவுகள் எல்லாம் அவளுடைய ஃபோனில் இருந்தன. வேலைவிட்டு வந்து, அவருடைய ஹெட்செட்டையே மாட்டிக்கொண்டு, காய் நறுக்கியபடி பருவக்காற்று கேட்பாள். "அதாவது..." என்று அவர் ஆரம்பிக்கும்போது அவளுக்கு உள்ளே ஏதோ இளகும். 'சாப்டியா' என்று கேட்கிற குரலில் இல்லாத ஒரு ருசி அந்த 'அதாவது'வில் இருந்தது. காற்றழுத்தத்தைப் பற்றி எத்தனை ஆசையாகப் பேசுகிறார் மனுஷன்! என்னைப் பற்றி யாரிடமாவது இப்படிப் பேசியிருப்பாரா? இப்படி நினைத்துக்கொண்டு வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டு அழுதும் இருக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வழக்கமான மூன்று வரியோடு நான்காவதாக ஒன்றைச் சொன்னார்.

"இங்க இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க."

அவள் ஹெட்செட் ஒயரை விரலில் சுற்றினாள்.

"இருக்கட்டுமா, வந்துடட்டுமா? நீ சொல்றதுதான். நாளைக்கு சாயங்காலம் கூப்பிடுறேன்."

அவள் 'உங்க' என்று ஆரம்பித்துவிட்டாள். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து ஹெட்செட் உயிரை விட்டது.

[நல்லவேளை என்று கதாசிரியர் சொல்லலாமா? சொல்லலாம். நான்தான் அதைக் கொன்றேன்.]

மறுநாள் காலை மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். அவருடைய தங்கை, அவளைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. அண்ணன் அவளிடமும் சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

"அண்ணி, மறுபடியும் 'உங்க இஷ்டம்'னு சொல்லி வச்சிடாதீங்க. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வாயா வலிக்குது?"

"உங்கண்ணனுக்கு வரணும்னு இருந்தா வருவாரில்ல? எதுக்கு என்னக் கேக்கணும்?"

"நீங்க சொன்னா வருவாரு."

"நான் சொல்லி வந்தா, நான் சொன்னதுக்காகத்தானே வந்தாருன்னு ஆயிடும். வந்து? அதே மேசையில அதே மாதிரி சுவத்தப் பாத்து உக்காருவாரு. மூணு வருஷம் கழிச்சு, உன்னாலதான் வந்தேன்னு ஒரு நாள் மூஞ்சி காட்டுவாரு. எனக்கெதுக்கு?"

"ஐயோ, உங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டணும்" என்றாள் நாத்தனார். பிறகு மேசைமேல் கிடந்த ஹெட்செட்டைப் பார்த்தாள். "இது எங்கண்ணனோடது இல்ல? ஒடச்சிட்டீங்களா?"

"பின்னு மட்டும்தான். மாத்திடுவேன்."

விஷயம் இவ்வளவுதான், வாசகரே. அவருக்கு வர ஆசை இருக்கிறதா இல்லையா? அது தெரியாமல் அவள் வாயைத் திறக்க மாட்டாள். சாயங்காலம் ஃபோன் வரும்.

5

இனி வேலை. இந்தப் பகுதியில் எனக்கு அனுபவம் உண்டு, ஆகவே கொஞ்சம் அலட்டிக்கொள்வேன்.

சனிக்கிழமை லேப் பாதி நாள். வரும் வழியில் புது பின் வாங்கிக்கொண்டாள், கூடவே லேபிலிருந்து பற்றவைக்கிற கருவியையும் கொண்டுவந்திருந்தாள். பழைய பின்னைக் கழுத்தோடு வெட்டினாள். உள்ளே முடியைவிடக் கொஞ்சம் தடித்த நான்கு கம்பிகள். சிவப்பு வலது காதுக்கு, பச்சை இடது காதுக்கு, நீலம் பேசுகிற மைக்குக்கு. நான்காவது செம்பு நிறத்தில் பளபளத்தது. அது பொதுக் கம்பி. மற்ற மூன்றின் வழியாகவும் போகிற மின்சாரம் திரும்பி வருவதற்கு இருக்கிற ஒரே வழி.

(திரும்பி வரும் வழி என்பது நான் கதைக்காக இட்டுக்கட்டியது இல்லை. கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இட்டுக்கட்டுவதென்றால் இன்னும் கொஞ்சம் மறைத்துக் கட்டியிருப்பேன்.)

இந்தக் கம்பிகளின்மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு. அதைச் சுரண்டாமல் பற்றவைத்தால் ஈயம் மேலே உட்கார்ந்துகொள்ளும், உள்ளே தொடாது. இது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுடைய லேபில் ஒரு பழக்கம். கொக்கிக் கம்பி நிறம் மாறியிருந்தால் அழுக்கு, சுரண்டு. பளபளவென்று இருந்தால் சுத்தம், தொடாதே. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கை அப்படியே பழகிவிட்டது. சிவப்பைச் சுரண்டினாள், பச்சையைச் சுரண்டினாள், நீலத்தையும் சுரண்டினாள். செம்புக் கம்பி பளபளவென்று இருந்தது. விட்டுவிட்டாள். அந்தச் செம்பு நிறமும் நிறமில்லாத ஒரு பூச்சுக்கு உள்ளிருந்துதான் தெரிந்தது.

நானும் இதே தப்பைத்தான் செய்தேன். நான் செய்தது சோம்பலால். அவளுக்குக் கௌரவமான ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நான்கு கம்பிகளையும் நான்கு இடத்தில் வைத்தாள். அச்சடித்த மாதிரி இருந்தது. கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் கொக்கி வைக்கிற கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? ஊதி ஆறவைத்தாள். பெருமையாகத் தூக்கிப் பார்த்தாள். அப்போதுதான் மேசைமேல் பின்னின் மூடி தனியாகக் கிடப்பது கண்ணில் பட்டது.

"சே!"

பற்றவைப்பதற்கு முன்னால் மூடியை ஒயரில் கோத்துவிட்டிருக்க வேண்டும். இனிமேல் அது உள்ளே நுழையாது. ஒரு பக்கம் பின், மறுபக்கம் காதுகள். மூடி இல்லாமல் இந்த ஒட்டு ரொம்ப நாள் தாங்காது, ஆட்டினால் பிய்ந்துவிடும். மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். [இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் உலகத்தில் இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் இரண்டு தடவை செய்தேன்.]

கழற்றுவதற்கு முன்னால் ஒட்டியது சரிதானா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கையில் அகப்பட்ட ஒரு பாடத்தைப் போட்டாள்.

6

அவர் இல்லை.

குரல் இருக்க வேண்டிய இடத்தில் தூரத்துக் கசகசப்பு மாதிரி ஏதோ இருந்தது, சொல் புரியவில்லை. அதைச் சுற்றி ஓர் அறை திறந்துகொண்டது. அவளுடைய அறைதான். அடுப்பில் ஏதோ கொதித்தது. கத்தி பலகையில் டக் டக் டக் என்று போய் ஓரிடத்தில் நின்று மறுபடியும் போனது. யாரோ ஒருத்தி முணுமுணுவென்று பாடினாள், சுருதி கிருதி எதுவும் இல்லாமல். நான்தான் இது என்று அவளுக்குத் தெரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. இப்படியா பாடினேன் என்று வெட்கமாக இருந்தது.

(ஏன் இப்படி? பொதுக் கம்பி தொடவில்லையென்றால் ஒரு காதுக்குப் போன மின்சாரம் மறு காது வழியாகத் திரும்பப் பார்க்கும். இரண்டு பக்கமும் சரிசமமாக இருக்கிற சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். பாடகர் எப்போதும் நடுவில் இருப்பவர், ஆகவே அவர் காலி. ரெக்கார்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்து பேசுகிற வாத்தியாரும் காலி. ஓரத்தில் இருப்பவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அவளுக்கு இந்த விளக்கம் தெரியாது. அவளுக்கு இது தேவையுமில்லை.)

ஒயர் போய்விட்டது என்று கையை மேலே கொண்டுபோனாள். அப்போது, காதுக்கு ரொம்பப் பக்கத்தில்:

"என்ன கருகுது?"

அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டாள். அடுப்பில் ஒன்றுமில்லை.

அவர் குரல். பாடம் சொல்கிற குரல் இல்லை. கழுத்தை முழுசாகத் திருப்பி, சமையலறை வாசலைப் பார்த்துச் சொன்ன குரல். உடனே மறுபடியும் கசகசப்பு. ரெக்கார்டர் பக்கம் திரும்பிவிட்டார் போல. திரும்பியதும் காணாமல் போய்விட்டார்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்த நாற்காலி அவருடையது.

கொஞ்ச நேரம் கொதிப்பு, கத்தி. ஒரு பாத்திரம் விழுந்தது. "சுட்டுக்கிட்டியா?" என்றார். கசகசப்பு. அப்புறம், "ஜன்னல மூடாத, நல்லாத்தானே காத்து வருது." கசகசப்பு. வேறொரு பாடத்தைப் போட்டாள். அதில் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு, கூப்பிடவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை, சமையலறைப் பக்கம் திரும்பி அவர் லேசாகச் சிரிக்கிற சத்தம் மட்டும். எதற்குச் சிரித்தார்? பின்னால் அந்தச் சுருதி கெட்ட பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத்தான்.

இதெல்லாம் அவள் ஏற்கெனவே கேட்ட பதிவுகள்தான். ஆனால் அப்போது நடுவில் அவர் சத்தமாகக் காற்றழுத்தம் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இருக்கும்போது காது வேறு எதற்கும் போகவில்லை. நடுநடுவே வந்த முணுமுணுப்புகளை எல்லாம் பாடத்துக்கு இடைஞ்சல் என்று அவளும் தள்ளிவிட்டிருந்தாள். இப்போது பாடம் போய்விட்டது. அவர் அவள் பக்கம் திரும்பிய நேரங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. இடி விழுந்தாலும் திரும்பாத மனுஷன் இத்தனை தடவையா திரும்பியிருக்கிறார்?

மூன்றாவதாகப் போட்ட பாடத்தில்தான் அது வந்தது.

குழாய்ச் சத்தம். முழுசாகத் திறந்துவிட்டு அவள் எதையோ கழுவிக்கொண்டிருக்கிறாள். பாத்திரம் பாத்திரத்தில் இடிக்கிற சத்தம். வேகமாக இடிக்கிறாள், ஏதோ கோபத்தில் இருந்திருக்கிறாள். அதற்கு நடுவில்:

"நிறுத்திட்டு வரட்டா?"

தண்ணீர் கொட்டுகிறது.

"ஏய், நிறுத்திட்டு வரட்டுமா?"

தண்ணீர்தான். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் நீளமாக இருந்தது. அவர் காத்திருந்திருக்கிறார். பிறகு நாற்காலி கிறீச்சென்றது. கசகசப்பு ஆரம்பித்தது.

அவள் இடுக்கி முனையால் அந்தச் செம்புக் கம்பியைத் தொட்டு லேசாகக் கீறி அழுத்தினாள். சட்டென்று இரண்டு காதும் நிறைந்து அவர் வந்தார்: "...அதாவது, காத்து எப்பவும் அழுத்தம் அதிகமா இருக்குற எடத்துலேர்ந்து..." இடுக்கியை எடுத்தாள். போய்விட்டார். தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அவர் வேண்டும் போலிருந்தது. பதிவு இல்லை, குரல் இல்லை, ஆள். அந்த வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றால் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் வேண்டும் போலிருந்தது. "கேக்கலையே" என்று காலி மேசையைப் பார்த்துச் சொன்னாள். "தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்கவே இல்லையே."

7

இங்கிருந்து நான் தடுமாறினேன். தடுமாறியதை மறைக்காமல் கீழே வைக்கிறேன்.

ஒரு முடிவு: கதவு தட்டப்படுகிறது. திறந்தால் அவர், பெட்டியோடு. [தங்கை: "சினிமாவா எடுக்குற?" அடித்துவிட்டேன்.]

இன்னொரு முடிவு: அவள் அந்தப் பதிவை அவருக்கு அனுப்புகிறாள். 'கேட்டுப் பாருங்க' என்கிறாள். அவரிடம் இருப்பது நல்ல ஹெட்செட். அதில் பருவக்காற்றுப் பாடம் தெளிவாக, கம்பீரமாகக் கேட்கிறது. 'நல்லாத்தான் பேசியிருக்கேன், இல்ல?' என்று பதில் அனுப்புகிறார். [இது எனக்குப் பிடித்திருந்தது. சிரிப்பும் வந்தது. ஆனால் அவளைக் கேலி செய்துவிட்டு நான் தப்பித்துக்கொள்வது மாதிரி இருந்தது.]

மற்றொன்று: ஃபோன் வருகிறது, அவர் கேட்கிறார், அவள் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் 'உங்க இஷ்டம்' என்று வந்துவிடுகிறது. அவர் 'சரி' என்று வைத்துவிடுகிறார். நடக்கக்கூடியது இதுதான் என்று என் மனசு சொன்னது. மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான். எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ உள்ளே இறங்கவில்லை. திரும்பி வந்து அதையும் அடித்தேன். அடித்த இடம் காகிதத்தில் ஓட்டையாகிவிட்டது.

"அப்ப என்னதான் ஆச்சு?" என்றாள் தங்கை. அவள் உட்கார்ந்து படித்தது இந்தக் கதையில் அதுதான் முதல் தடவை.

"ஃபோன் வந்துது" என்றேன். அது வரைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

8

சாயங்காலம். ஈயத்தைத் தொட்ட கையோடு எதையும் தொடக்கூடாது என்பது லேப் விதி. அவள் சமையலறையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஹெட்செட் கழுத்தில் கிடந்தது. மூடியில்லாத பின் ஃபோனில் சொருகியிருந்தது, ஃபோன் மேடைமேல் இருந்தது. மூடி இன்னும் சாப்பாட்டு மேசைமேல்தான் கிடந்தது. அவளுக்குக் கழற்ற மனசு வரவில்லை.

ஃபோன் அடித்தது. ஈரக் கையால் தொட்டுவிட்டு, ஹெட்செட்டைக் காதுக்கு ஏற்றினாள்.

ஒன்றுமில்லை. கசகசப்புகூட இல்லை. ஃபோனில் பேசுகிற குரல் இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி போகும், அவர் எந்தப் பக்கம் திரும்பிப் பேசினாலும் இந்த ஹெட்செட்டில் வர வழியில்லை. பேசுகிற மைக்குக்கும் அந்தக் கம்பிதான் திரும்பும் வழி என்பதால் அவள் "சொல்லுங்க" என்றதும் அங்கே போகவில்லை. திரையில் அவர் படம் இருந்தது, இணைப்பு இருந்தது, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவர் எதையோ பேசிக்கொண்டிருந்தார். நேற்றைய கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தார் என்றுகூட நான் எழுதுவேன்.

அவள் பின்னைப் பிடுங்கினாள். ஓர் ஒட்டு பிய்ந்தது. ஃபோனைக் காதோடு அழுத்தினாள். மாவு அடைத்த சல்லடை வழியாக, கிணற்றுக்குள்ளிருந்து:

"...கேக்குதா? ஹலோ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். இருக்கேங்க. இப்பதான் கேக்குது."

"என்ன அது, மழையா? ஒரே இரைச்சலா இருக்கு."

"இல்ல, இங்க..."

"சரி விடு. நான் கேட்டது..." என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது தண்ணீரோடு போய்விட்டது. கடைசியில் '...ட்டுமா' என்று முடிந்தது மட்டும் காதில் விழுந்தது. பிறகு அவர் காத்திருந்தார். அந்த மௌனத்தை அவளுக்குத் தெரியும். மத்தியானம்தான் கேட்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். கையை நீட்டிக் குழாயை இறுக்கி மூடினாள். சொட்டுவதும் நிற்கும்வரை திருகினாள்.

வீடு அமைதியாகிவிட்டது.

"இப்ப கேளுங்க" என்றாள்.

[                                        ]

மேலே உள்ள அடைப்புக்குறிக்குள் நான் ஒன்றும் எழுதவில்லை. இந்த மாதிரிக் கதைகளில் ஆசிரியர் இங்கே கையை விரித்து, 'இனி உங்கள் இஷ்டம்' என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கும் அதுதான் வாயில் வந்தது. இவ்வளவு எழுதிய பிறகு அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனவே என் ஆசையை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அவர் வர வேண்டும். அடுத்த வண்டியிலேயே வர வேண்டும். வந்து, அந்த நாற்காலியைச் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார வேண்டும்.

ஆனால் கேட்க வேண்டியவர் அவர், சொல்ல வேண்டியவள் அவள். அடைப்புக்குறிக்குள் அவர்கள் பேசுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். குழாயை மட்டும் திறந்துவிடாதீர்கள்.